குளிரை நம்பி ஒரு சாகுபடி: வீட்டுக்குள் காளான் வளர்ப்போர் அறிய வேண்டிய வெப்பநிலைக் கணக்கு

புது தில்லி: நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடர் வழக்கமாகத் தொடங்கும் ஜனவரி இறுதியில், தில்லியை ஒட்டிய ஹரியாணா மாநிலம் சோனிபட் மாவட்டக் கிராமங்களில் மொட்டுக் காளான் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். மூங்கில், வைக்கோல், பாலித்தீன் விரிப்பு ஆகியவற்றைக் கொண்டு கட்டப்படும் பருவகாலக் குடில்களில் குளிரூட்டும் இயந்திரம் ஏதும் கிடையாது. வட இந்தியாவின் குளிர்காலம்தான் அங்கே குளிரூட்டி. அந்தக் குளிர் மார்ச் வரை நீடித்தால் லாபம். பிப்ரவரியிலேயே விடைபெற்றால் நஷ்டம்.

அண்மைக் காலமாக அந்தக் குளிர் முன்கூட்டியே விடைபெறும் ஆண்டுகள் கூடி வருகின்றன. நாடு தழுவிய சராசரி அதிகபட்ச வெப்பநிலையில், 1901-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மிக வெப்பமான மார்ச் மாதமாக 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தையும், மிக வெப்பமான பிப்ரவரியாக 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியையும் இந்திய வானிலை ஆய்வுத் துறை பதிவு செய்தது. சராசரி வெப்பநிலையைக் கொண்டு கணக்கிட்டபோது, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியும் 1901-க்குப் பிந்தைய மிக வெப்பமான பிப்ரவரியாக அமைந்தது. சாதாரண மக்களுக்கு இது ஸ்வெட்டரைச் சீக்கிரம் பெட்டியில் வைக்கும் விஷயம். காளான் குடில்காரருக்கோ கடைசிச் சுற்று அறுவடையை இழக்கும் விஷயம்.

இதே காலகட்டத்தில் நகரங்களில் காளான் வளர்ப்பின் மீது ஆர்வம் பெருகியுள்ளது. வீட்டில் உபயோகமின்றிக் கிடக்கும் ஓர் அறை, நான்கு அடுக்கு அலமாரி, சில பைகள் இருந்தால் போதும், மாதந்தோறும் வருமானம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. காளானுக்கு நிலம் வேண்டாம், நேரடி வெயில் வேண்டாம். ஆனால் வெப்பநிலை வேண்டும். அதுவும் ஒரே வெப்பநிலை அல்ல. வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொன்று.

மலையிலிருந்து சமவெளிக்கு: இந்தியாவில் மொட்டுக் காளான் சாகுபடி வேரூன்றியது ஹிமாசல பிரதேச மாநிலம் சோலனில். 1961-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையுடன் அங்கு தொடங்கிய முயற்சி, 1983-இல் தேசிய ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமாக வளர்ந்தது. 2008-இல் அது காளான் ஆராய்ச்சி இயக்குநரகமாகத் தரம் உயர்த்தப்பட்டது. 1997-இல் சோலன் "இந்தியாவின் காளான் நகரம்" என அறிவிக்கப்பட்டது.

மலை நகரமான சோலனில் இயற்கையே குளிரைத் தந்தது. அங்கிருந்து பஞ்சாப், ஹரியாணா, உத்தர பிரதேசம் எனச் சமவெளிக்கு இறங்கியபோது, அதே காளான் நான்கு மாதக் குளிர்காலப் பயிராகச் சுருங்கியது. ஆண்டு முழுவதும் விளைவிக்க விரும்பியவர்கள் குளிரூட்டப்பட்ட கூடங்களை நாடினர். முதலீடும் மின்கட்டணமும் அவற்றுடன் சேர்ந்து வந்தன. புதிதாக இத்தொழிலில் இறங்குவோர் முன் இன்றும் இவ்விரு பாதைகளே உள்ளன. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன், காளான் வெப்பத்தை எப்படி உணர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு கட்டம், இரண்டு வெப்பம்: காளான் வித்து எனப்படுவது, தானியத்தின் மீது வளர்க்கப்பட்ட பூசண இழையே. அதைக் கம்போஸ்டிலோ பதப்படுத்திய வைக்கோலிலோ கலந்தபின், வெள்ளை இழைகள் பை முழுவதும் பரவுவது முதல் கட்டம். மொட்டுகள் அரும்பிக் குடையாக விரிவது இரண்டாம் கட்டம்.

மொட்டுக் காளானைப் பொருத்தவரை, இழை பரவும் கட்டத்துக்கு 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் தேவை. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பை வெண்மையாகிவிடும். பின்னர் அதன் மேல் மூன்று முதல் நான்கு செ.மீ. கனத்துக்குத் தொற்று நீக்கிய மேற்பூச்சு மண் இட வேண்டும். இழைகள் அந்த மண்ணுக்குள்ளும் ஏறிய பிறகு, வெப்பநிலையை 14 முதல் 18 டிகிரிக்குக் குறைத்து, புதிய காற்றையும் உள்ளே விட வேண்டும். இந்த இறக்கமே "இனி மொட்டு விடலாம்" என்று காளானுக்குக் கிடைக்கும் சமிக்ஞை. அது கிடைக்காவிட்டால் இழை மேலும் மேலும் பரவி, மண்ணின் மீது வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும், காளான் வராது. இந்த இரண்டாம் கட்டத்தை அறியாமல், இழை நன்றாகப் பரவியதே என்று அதே கதகதப்பைத் தொடர்வோர் வாரக்கணக்கில் காத்திருந்தும் பயனிருக்காது.

மொட்டு வந்த பிறகும் கவனம் தேவை. வெப்பம் 20 டிகிரியைத் தாண்டி நீடித்தால் காம்பு நீளும், குடை சீக்கிரம் விரியும், எடை குறையும். அதற்கும் மேலே ஏறினால் சிறு மொட்டுகள் பழுப்பேறிக் கருகும். பூஞ்சை நோய்களும் காளான் ஈக்களும் பெருகுவது இத்தகைய வெப்பத்தில்தான். 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பயிர் பெரும்பாலும் அழிவதில்லை. வளர்ச்சி மந்தமாகி அறுவடை தள்ளிப்போகும். ஆகவே தொடக்க நிலையில் இருப்போர் குளிரைவிட வெப்பத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

பைக்குள் ஓர் அடுப்பு: அறையின் சுவரில் மாட்டிய வெப்பமானி 24 டிகிரி காட்டுகிறது, ஆனாலும் வித்து செத்துவிட்டது என்று குழம்புவோர் உண்டு. காரணம், காளான் இழை மனிதரைப் போலவே மூச்சுவிடும் உயிர். பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. இழை வேகமாகப் பரவும் நாள்களில் பையின் நடுப்பகுதி அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும். பைகளை நெல் மூட்டைபோல் நெருக்கி அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஒன்றையொன்று சுடவைக்கும். மொட்டுக் காளானின் இழை 30 டிகிரியைத் தாண்டினாலே பாதிக்கப்படும்.

எனவே அளக்க வேண்டியது பையின் உள் வெப்பத்தை. முள் போன்ற நீண்ட முனை கொண்ட வெப்பமானி ஒன்றைப் பையின் நடுவே செருகிப் பார்க்கலாம். பைகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விடுவது, பெரிய பைக்குப் பதில் குறுகிய பையைப் பயன்படுத்துவது ஆகியவை செலவில்லாத தீர்வுகள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால், அலமாரியின் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் வேறுபாடு இருக்கும். வெப்பமானியை ஒரே தட்டில் வைத்துவிட்டு முழு அறையையும் அதைக் கொண்டு எடைபோடக் கூடாது. குளிர் மிகுந்த நாள்களில் இதே தன் வெப்பம் உதவிக்கும் வரும். இழை பரவும் கட்டத்தில் பைகளைச் சற்று நெருக்கி வைத்து, கோணிச் சாக்கால் போர்த்தினால் போதும்.

பருவமும் காளானும்: மொட்டுக் காளான் ஒன்றே காளான் அல்ல. சிப்பிக் காளானின் பல ரகங்கள் 20 முதல் 30 டிகிரி வரை வளரக்கூடியவை. கம்போஸ்ட் தேவையில்லை, நறுக்கிய வைக்கோலே போதும். முதல் முயற்சிக்கு இதையே வல்லுநர்கள் பரிந்துரைப்பது வழக்கம்.

வடக்கின் கோடைக்கு விடை தந்தது தெற்கு என்பது தமிழ் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1974-இல் மேற்கு வங்கத்தில் கண்டறிந்து பதிவு செய்யப்பட்ட பால் காளானின் "ஏபிகே 2" ரகத்தை 1998-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 30 முதல் 38 டிகிரி வரை தாங்கி வளரும் அந்தக் காளான், இன்று பல வட மாநிலங்களில் கோடைப் பயிராக விளைகிறது. வெப்பத்தை விரும்பும் மற்றொரு இனமான வைக்கோல் காளான் இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் வளர்க்கப்பட்டதும் 1940-களில் கோவையில்தான். அது இன்று ஒடிஸாவில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாழ்வாதாரங்களுள் ஒன்று. காளான் உற்பத்தியில் 2021-22-இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாநிலம், குளிர்ப் பிரதேசமல்லாத பிகார் என்பது குறிப்பிடத்தக்கது.

தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் இயந்திரமின்றி வளர்ப்போர் பின்பற்றத்தக்க பருவ அட்டவணை:

* அக்டோபர் - நவம்பர்: சிப்பிக் காளான். மொட்டுக் காளானுக்கு வித்திட்டு இழை பரவச் செய்யலாம்.
* டிசம்பர் - பிப்ரவரி: மொட்டுக் காளான் அறுவடை. குளிர் தாங்கும் சிப்பிக் காளான் ரகங்கள்.
* பிப்ரவரி இறுதி - மார்ச்: மீண்டும் சிப்பிக் காளான்.
* ஏப்ரல் - ஜூன்: பால் காளான். ஆனால் வறண்ட காற்றைச் சமாளிக்க ஈரப்பத ஏற்பாடு கட்டாயம்.
* ஜூலை - செப்டம்பர்: பால் காளான், வைக்கோல் காளான்.

அறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பகலில் அடுப்பாகவும் குளிர்கால இரவில் பனிப்பெட்டியாகவும் மாறும். தரைத் தளத்தில், வடக்குப் பார்த்த, மேற்கு வெயில் படாத அறையே சிறந்தது. நவம்பர் மாதத் தில்லியில் பகலில் 28 டிகிரி, விடியலில் 13 டிகிரி என்பது சாதாரணம். பதினைந்து டிகிரி ஏற்ற இறக்கத்தைக் காளான் விரும்பாது. இரவில் திடீரெனக் குளிரும் அறையில் காளானின் மீது நீர்த்துளிகள் படியும். அவை உலராமல் நின்றால் பழுப்புப் புள்ளி நோய் வரும்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கச் சோனிபட் குடில்களே பாடம். கனமான வைக்கோல் கூரை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது; உள்ளே விரித்த பாலித்தீன் ஈரத்தை வெளியே விடாது. வீட்டில் அதற்கு இணையாக, கூரைக்குக் கீழே தெர்மகோல் தகடுகளைப் பதிக்கலாம். ஜன்னலுக்கு இரட்டைத் திரை இடலாம். தண்ணீர் நிரப்பிய டிரம் ஒன்றிரண்டை அறையில் வைத்தால், பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்ல வெளியிடும்.

கூலரா, ஏ.சி.யா? வட இந்திய வீடுகளில் பரவலாக உள்ள ஏர் கூலர், நீர் ஆவியாகும்போது காற்று குளிரும் என்ற தத்துவத்தில் இயங்குவது. மே, ஜூன் மாதங்களின் வறண்ட காற்றில் அது வெப்பத்தையும் குறைக்கும், காளானுக்குத் தேவையான ஈரத்தையும் தரும். காளான் அறையில் 85 முதல் 90 சதவீத ஈரப்பதம் தேவை என்பதால் இது இரட்டை ஆதாயம். ஆனால் ஜூலையில் பருவமழை வந்ததும் காற்றே ஈரமாகிவிடும். கூலரால் பெரிதாகக் குளிர்விக்க இயலாது. ஜூனில் கிடைத்த பலனை நம்பி ஆகஸ்ட்டுக்குத் திட்டமிடுவோர் இதை மறக்கலாகாது.

ஏ.சி. இயந்திரம் இதற்கு நேர் எதிர். வெப்பத்தை உறுதியாகக் குறைக்கும். கூடவே காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றும். ஈரமூட்டும் கருவி இல்லாமல் ஏ.சி. மட்டும் பொருத்திய அறையில் மேற்பூச்சு மண் வறண்டு, காளானின் மேல்தோல் செதில் செதிலாக வெடிக்கும். தவிர, வீட்டு ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். எனவே எக்சாஸ்ட் விசிறியும் வேண்டும். அந்த விசிறி ஓடும்போதெல்லாம் குளிர்ந்த காற்றும் வெளியேறும், மின்கட்டணமும் ஏறும்.

உயிருக்கு ஆபத்து: ஜனவரியின் கடுங்குளிரில் அறையைச் சூடாக்க நிலக்கரி, விறகு எரியும் "அங்கீட்டி"யை உள்ளே வைக்கும் வழக்கம் வட இந்தியாவில் உண்டு. மூடிய காளான் அறையில் இதை அறவே தவிர்க்க வேண்டும். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் இறந்த செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தலைநகரில் வெளிவருகின்றன. மின் ஹீட்டர் பயன்படுத்துவோரும், நீர் தெளிக்கும் அறை என்பதால் நில இணைப்பையும் கசிவுத் துண்டிப்பானையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிப்பிக் காளான் அதிக அளவில் தூள் போன்ற வித்துகளை உதிர்ப்பது. சிலருக்கு அதனால் இருமலும் மூச்சிரைப்பும் வரக்கூடும். குடையின் விளிம்பு முழுவதும் விரிவதற்கு முன்பே பறிப்பதும், முகக்கவசம் அணிவதும் நல்லது.

தொடங்கும் முன்பும் வெப்பமே: வித்திடுவதற்கு முந்தைய வேலையிலும் வெப்பநிலைக்கே முதலிடம். சிப்பிக் காளானுக்கு வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, சுமார் 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். இல்லையேல் வேறு பூஞ்சைகள் முந்திக்கொள்ளும். எடுத்த வைக்கோல் முழுவதும் ஆறிய பின்பே வித்து கலக்க வேண்டும். வெளியே ஆறியதுபோல் தோன்றும் குவியலின் உள்ளே சூடு ஒளிந்திருக்கும். கையை உள்ளே நுழைத்துப் பார்ப்பது அவசியம். கைப்பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். இதுவே சரியான பதம்.

மொட்டுக் காளானுக்கான கம்போஸ்டை வீட்டில் தயாரிப்பது உசிதமல்ல. நீண்ட முறையில் அதற்கு ஏறத்தாழ 28 நாள்கள் ஆகும். குவியலின் உட்புறம் 70 டிகிரி வரை கொதிக்கும். அமோனியா நெடி அண்டை வீட்டாரைத் துரத்தும். நீராவியால் பதப்படுத்திய கம்போஸ்ட் பைகளை நம்பகமான மையத்தில் வாங்குவதே தொடக்க நிலைக்கு ஏற்றது. விளைச்சலிலும் வேறுபாடு உண்டு. நீண்ட முறையில் 100 கிலோ கம்போஸ்டுக்கு 12 முதல் 15 கிலோ காளான் கிடைத்தால், பதப்படுத்திய கம்போஸ்டில் 18 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

வித்தை வாங்கி வருவதிலும் எச்சரிக்கை தேவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் வைத்தாலே அது வீணாகலாம். கோடையில் இரவில் எடுத்து வருவதே பாதுகாப்பு. மொட்டுக் காளான் வித்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வைக்கோல் காளான் வித்தை வைத்தால் குளிரிலேயே இறந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம்: புதியவருக்கு முதலில் தேவைப்படும் கருவி ஏ.சி. அல்ல. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிவு செய்யும் ஒரு வெப்பமானியும், ஓர் ஈரப்பதமானியும், ஒரு நோட்டுப் புத்தகமும்தான். தேர்ந்தெடுத்த அறையில் பைகளை வைப்பதற்கு முன்பே இரண்டு வாரம் விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளவைக் குறித்துவந்தால், அந்த அறையில் எந்தக் காளான் விளையும் என்பதை அறையே சொல்லிவிடும். காளானுக்கேற்ப அறையை மாற்றுவது செலவு. அறைக்கேற்பக் காளானை மாற்றுவது சிக்கனம். பத்துப் பைகளில் ஒரு பருவம் முழுவதும் வெற்றி கண்ட பிறகே நூறு பைகளைப் பற்றி யோசிப்பது விவேகம்.

அரசின் முன் உள்ள கேள்வி: தோட்டக்கலை ஒருங்கிணைந்த வளர்ச்சி இயக்கம் 2014-15 முதல் காளான் கூடங்களுக்கு உதவி வருகிறது. அப்போதைய நெறிமுறைகளின்படி ரூ.20 லட்சம் திட்டச் செலவுக்குத் தனியாருக்கு 40 சதவீதம், வங்கிக் கடனோடு இணைந்த மானியமாக வழங்கப்பட்டது. செலவு வரம்புகள் பின்னர் திருத்தப்பட்டன. கூரையின் கீழ் அடுக்குகளில் விளையும் காளானும் வேளாண் வருமானமே என்று 2018-இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஹைதராபாத் சிறப்பு அமர்வு தீர்ப்பளித்தது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கடனும் மானியமும் பெறும் தகுதியுள்ள பெரிய கூடங்களுக்கே இவற்றால் மிகுந்த பயன். வானத்தை மட்டும் நம்பி வைக்கோல் குடிலில் பயிர் செய்யும் சிறு விவசாயிக்கு, பிப்ரவரி வெப்பத்தால் நேரும் இழப்புக்கு ஈடு என்ன? நெல் வைக்கோலை எரிப்பதால் தலைநகரைச் சூழும் புகை பற்றி ஆண்டுதோறும் குளிர்காலக் கூட்டத்தொடரில் விவாதம் எழுகிறது. அந்த வைக்கோலின் ஒரு சிறு பகுதியையாவது உணவாக மாற்றுபவர்கள் இவர்கள். வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் மொட்டுக் காளான் ரகங்கள், குறைந்த செலவில் குடிலைக் குளிர்விக்கும் வழிமுறைகள், குளிர் குறையும்போது பால் காளானுக்கு மாறுவதற்கான பயிற்சி ஆகிய மூன்றும் வேளாண் அறிவியல் மையங்கள் வழியே கிராமங்களைச் சென்றடைய வேண்டும்.

வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கும் அதே மையங்கள்தான் முதல் வாசல். பெரும்பாலான மாவட்டங்களில் உள்ள அவற்றில் பயிற்சி பெறலாம். சோலன் இயக்குநரகமும் பயிற்சிகளை நடத்துகிறது. வித்தும் பையும் தந்து "விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று பெருந்தொகை கேட்போரிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன், நம் வீட்டு அறையின் ஜனவரி விடியலும் ஜூன் பிற்பகலும் எத்தனை டிகிரி என்று கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் காளானைப் பற்றி மேற்கொண்டு கேட்க ஏதுமில்லை.